முட்டை விலைக்குப் பிறகு வந்த செய்தி

உள்ளூர்த் தொலைக்காட்சிகளில் புதிதாகச் செய்தி வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இப்போது செய்தி ஆசிரியர் நாற்காலியில் இல்லை. விருப்ப ஓய்வு பெற்று, சேலத்தில் வீட்டோடு இருக்கிறேன். மாலைச் செய்தியை மற்றவர்களைப் போல வெளியிலிருந்து பார்க்கிறேன்.

'ஒரு பக்கம் சாய்கிறீர்கள்' என்ற பேச்சை நீங்கள் சீக்கிரமே கேட்பீர்கள். தொலைபேசியில் வரும், கல்யாண வீட்டில் வரும், சில சமயம் அலுவலகத்துக்கே நாலு பேராகத் திரண்டு வரும். அப்போது உங்கள் கை தானாக ஒளிபரப்புப் பதிவேட்டை நோக்கிப் போகும். யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தோம் என்று நிமிடக் கணக்கில் காட்டி வாயடைத்துவிடலாம் என்று தோன்றும். ஒரு உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் நானும் அப்படித்தான் எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் எது முன்னால், எது பின்னால் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கட்சிகளின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் உடனே ஒரு பக்கமாக உட்கார்ந்து படிப்பீர்கள்.

நாமக்கல்லில் மாலைச் செய்தி என்றால் அதற்கு நடுவில் முட்டை விலை இருக்க வேண்டும். மறுநாளைக்கான பண்ணைக் கொள்முதல் விலை. வாட்ஸாப் குழுக்களில் அதற்குள் இரண்டு மூன்று விலை சுற்றிக்கொண்டிருக்கும். அதை நம்பாமல் எங்கள் திரையில் பார்த்த பிறகே லோடு ஏற்றுகிறவர்களிடம் பேசுகிற பண்ணைக்காரர்கள் நிறையப் பேர். சில நாட்களில் விலை எங்களுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிவிடும். அதனால் தொடக்கத்தில் வைக்காமல் நடுவில் வைக்கிற வழக்கம் எனக்கு முந்தியே இருந்தது. முதலில் அரசு நிகழ்ச்சிகள், தேர்தல் நேரத்தில் அதை ஒட்டினாற்போல ஆளுங்கட்சியின் பிரசாரம், அடுத்து முட்டை விலை. அதற்குப் பிறகு எதிர்க்கட்சிப் பிரசாரம், குடிநீர் அறிவிப்பு, பள்ளி விழா என்று போகும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முன்பொரு சமயம் ஒரு வாசிப்பாளர் விலை இறங்கியதை வருத்தமான முகத்தோடு வாசித்தார். "ஏற்கெனவே வயிறு எரியுது, எழவு சேதி சொல்றாப்பல சொல்றாங்க" என்று பண்ணைக்காரர்கள் எங்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் எருமப்பட்டிப் பக்கம் பண்ணை உண்டு. ஏறினாலும் இறங்கினாலும் விலையைச் சிரித்த முகமாக வாசிக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டார். எங்களில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. ஒளிப்பதிவாளரின் அப்பா தீவனம் அரைத்தார், என் தம்பி கூண்டுக்கோழி வளர்த்தான். கோழியோடு ஏதாவதொரு உறவு இல்லாதவர்களை அந்த அலுவலகத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தேர்தலில் செய்தி வாசித்தவர் மேகலா. ராசிபுரத்துப் பெண், தெளிவான உச்சரிப்பு, ஒரு சொல்லை விழுங்கமாட்டார். அவருடைய வீட்டுக்காரரின் அண்ணன் ராசிபுரத்தில் ஒரு வார்டுக்கு ஆளுங்கட்சி வேட்பாளராக நின்றார். மேகலா அதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வார்டுச் செய்தியை அவர் கையில் கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

பிரசாரம் சூடுபிடித்தபோது எதிர்க்கட்சியிலிருந்து மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் தங்கவேல். பரமத்தி சாலையில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பவர், கட்சியில் பழைய ஆள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்கம்மிணி, நாங்க என்ன தப்புப் பண்ணிப்போட்டோம்?"

"என்னங்க ஆச்சு?"

"எங்க தலைவர் பேர வாசிக்கறப்ப அந்தப் புள்ள சிரிக்குது. தெனமும் சிரிக்குது. அது மச்சாண்டாரு எந்தக் கட்சியில நிக்கறாருன்னு ஊருக்கே தெரியுமுங்க."

நான் பதிவேட்டை எடுத்தேன். இரண்டு கட்சிகளுக்கும் கொடுத்த நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். விரலை வைத்து ஒவ்வொரு நாளாகக் காட்டினேன். தங்கவேல் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நேரத்த நான் கேக்கலீங்க. நேரம் குடுக்கறீங்க, சரி. குடுத்துப்போட்டுச் சிரிக்கறீங்க."

கூட வந்திருந்தவர், "இவுங்களுக்கு நேரம்னா கடிகாரத்துல பாக்கறதுங்க" என்றார். மூன்றாமவர் சிரித்தார்.

தங்கவேல் சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்கு எங்கடையில வந்து உக்காந்து பாருங்க. இங்க கண்ணாடி ரூமுக்குள்ள இருந்தாத் தெரியாது. அந்தப் புள்ளய எறக்கற வரைக்கும் உங்க கேமராக்காரங்க எங்க கூட்டத்துக்கு வர வேண்டாம். வந்தா நாங்க பொறுப்பில்ல. சொல்லிப்போட்டேன்."

அவர்கள் போனதும் முதலாளி என்னை அழைத்தார். செய்தி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. மறுநாளைக்கு மறுநாள் எதிர்க்கட்சியின் பெரிய கூட்டம். அதை எடுக்க முடியாவிட்டால் நாங்கள் சாய்ந்துவிட்டோம் என்பதற்கு நாங்களே சாட்சி.

"தேர்தல் முடியற வரைக்கும் வேற யாரையாச்சும் வாசிக்க வையுங்க மேடம். மேகலாவுக்குச் சம்பளத்தோட லீவு. யாருக்கும் நட்டமில்ல."

எனக்கும் அது முதலில் நியாயமாகவே பட்டது. மேகலாவிடம் சொன்னபோது அவர் அன்றைக்கு வாசிக்க வேண்டிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"லீவுன்னு நீங்க சொல்றீங்க மேடம். எங்க தெருவுல அப்படிச் சொல்ல மாட்டாங்க. மச்சாண்டாருக்காகச் சிரிச்சாளாம், கையும் களவுமாப் புடிச்சு எறக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. தேர்தல் முடிஞ்சு நான் திரும்பி வந்தாலும் அது போகாதுங்க. அப்பறம் வேற எந்த டிவியில என்னை உக்கார வைப்பாங்க?"

"நீ சிரிச்சியா?"

"சத்தியமா எனக்குத் தெரியல மேடம். மச்சாண்டாரு ஓட்டுக் கேட்டு எங்க ஊட்டுக்கு வந்தப்பக்கூடக் காப்பி மட்டும் குடுத்து அனுப்பிட்டேன். நான் எதுக்குச் சிரிக்கறேன்?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எதிரே ஒருவர் கோபமாக இருக்கிறார். மேலே இருப்பவர் சுலபமான வழி ஒன்றைக் காட்டுகிறார். அந்த வழியில் போனால் இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். நடந்தது என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போகும், அதன் விலையை ஒரே ஒரு ஆள் வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருப்பார். குற்றம் சாட்டியவர் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறார். அதைச் செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது என்று தோன்றியது. முதலாளியிடம் ஒரு மாலை அவகாசம் கேட்டு வாங்கினேன்.

அன்றைய செய்தியைத் துணை ஆசிரியரிடம் விட்டுவிட்டுத் தங்கவேலின் கடைக்குப் போனேன். வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடை முழுக்க மக்காச்சோளத் தவிடும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசம். சுவரில் உயரத்தில் டிவி. செய்தி தொடங்குமுன்பே பண்ணைக்காரர்களும் முட்டை வண்டி ஓட்டுகிறவர்களும் வந்து நிறைந்துவிட்டார்கள். நான் யார் என்று தங்கவேல் சொல்லவில்லை. அவருடைய உறவு என்று நினைத்திருப்பார்கள்.

மேகலா திரையில் வந்தார். ஆளுங்கட்சிப் பிரசாரம் ஓடியது. கடையில் பேச்சு நிற்கவில்லை, ஆனாலும் எல்லோரும் பார்த்தார்கள்.

"இவரு போன தடவையும் இதே பாலத்தத்தான் கட்டறேன்னாரு."

"கட்டிப்போட்டாரு மாமா. நீங்கதான் அந்தப் பக்கம் போறதில்ல."

"போலாம்னுதான். பாலம் எங்கன்னு சொல்லு, போறேன்."

பிறகு முட்டை விலை. ஒருவரும் பேசவில்லை. மேகலா முகம் மலர்ந்து, விலை ஏறியிருப்பதாக வாசித்தார். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கைபேசிகள் காதுக்குப் போயின, வெளியே வண்டிகள் கிளம்பின. எதிர்க்கட்சித் தலைவரின் பெயரை மேகலா வாசித்தபோது கடையில் அதைப் பார்க்கத் தங்கவேலும் நானும் மட்டும் இருந்தோம். காலி டம்ளர்களைக் கடை ஆள் ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மேகலாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. விலைக்காக வந்த சிரிப்பு. பெயர் வாசித்து, முதல் வாக்கியம் பாதி போகும்வரை அது அடங்கவில்லை. செய்தி அறையில் நாங்கள் ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறவர்கள். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில் வாசிப்பவரின் முகத்தை யாரும் கவனித்ததில்லை.

"பாத்தீங்களா?" என்றார் தங்கவேல்.

"பாத்தேங்க. நீங்க சொன்னது சரிதான், சிரிக்கறா. ஆனா உங்க தலைவரப் பாத்துச் சிரிக்கல. முட்டை விலைக்குச் சிரிச்சது மிச்சம் இருக்குது."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முட்டைய எதுக்குங்க பாத்துச் சிரிக்கோணும்?"

"அது எங்க முதலாளி வச்ச வழக்கம்."

"அப்படியும் ஒரு வழக்கமா" என்றவர், காலியாகக் கிடந்த பெஞ்சைக் காட்டினார். "சரி, இவுங்க எந்திரிச்சுப் போறது? அதுவும் உங்க முதலாளி வச்ச வழக்கமா?"

"விலை கேட்டாச்சு, போறாங்க. தினமும் இப்படித்தானே போவாங்க?"

"தெனமும்தான்." பெஞ்சை நேராக இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார். "எங்க கட்சிச் சேதி வந்தாலே எந்திரிச்சுப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க. இத்தன வருசம் கட்சிக்கு உழைச்சு, நம்ம கடையில நம்ம தலைவர் பேச்சக் கேக்க ஆளில்லியேன்னு."

அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து அவர் பேசியது எல்லாம் இந்த வருத்தத்திலிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணால் கண்டதை அவர் சரியாகவே சொன்னார். காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்துக்கொண்டார். நான் காட்டிய பதிவேட்டிலும் தவறில்லை. அதில் இருந்தது நாங்கள் கொடுத்த நேரம். அவர் கேட்டது பார்க்கப்பட்ட நேரம்.

மறுநாள் காலை முதலாளியிடம் போனேன். பதிவை ஓடவிட்டு, சிரிப்பு தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் காட்டினேன்.

"இந்தச் சிரிப்பு நீங்க சிரிக்கச் சொன்னது. இந்த வரிசை நாம வச்சது. மேகலாவ எறக்கினா நம்ம தப்புக்கு அவங்க முகத்தைக் காட்டின மாதிரி ஆகும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப என்ன பண்றது?"

"எல்லாக் கட்சிப் பிரசாரத்தையும் விலைக்கு முன்னால கொண்டு வந்துடலாம். ஒரு நாள் இவங்க முதல்ல, ஒரு நாள் அவங்க முதல்ல. விலைக்குப் பிறகு குடிநீர் அறிவிப்பு."

"சரி, மாத்திப்போடுங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"சொல்லணுங்க. சொல்லாம மாத்தினா, பயந்து மாத்தினோம்னு ஒரு பக்கம் பேசும். அமுக்கிட்டோம்னு இன்னொரு பக்கம் பேசும். காரணத்தை நாமளே திரையில சொல்லிடலாம். மேகலாதான் வாசிக்கணும்."

முதலாளி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. தவறு எங்களிடம் இருந்தது என்று தேர்தல் நேரத்தில் சொன்னால் அதை வெட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்புவார்கள். பின்னால் அப்படியே அனுப்பவும் செய்தார்கள். ஆனாலும் முதலாளி சம்மதித்தார். மேகலாவை இறக்கினால் காரணம் கேட்பார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும் அல்லவா என்று அவரே சொன்னார்.

அன்று மாலை மேகலா வாசித்தது இதுதான்: "மாலைச் செய்தியின் வரிசை இன்று முதல் மாறுகிறது. ஒரு தரப்பின் பிரசாரச் செய்தி முட்டை விலைக்குப் பிறகு வந்ததால் பலரும் அதைப் பார்க்காமல் போனதாக நேயர் ஒருவர் தெரிவித்தார். அது சரி என்று கண்டோம். இனி எல்லாப் பிரசாரச் செய்திகளும் விலைக்கு முன்பாக இடம்பெறும்." வாசித்து முடித்ததும் அடுத்த தாளை எடுத்தார்.

எதிர்க்கட்சிக் கூட்டத்தில் எங்கள் ஒளிப்பதிவாளரை விட்டார்கள். தங்கவேலே முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தாராம். ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர் அழைத்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தான மேடம் இருந்தீங்க?" என்றார். வரிசை ஏன் மாறியது என்று அவருக்கும் முழுதாக விளக்கினேன். சமாதானம் ஆகவில்லை. ஆனால் மேகலாவின் பெயரை அவரும் எடுக்கவில்லை, அதற்கப்புறம் வேறு யாரும் எடுக்கவில்லை. மேகலா வாசிப்பாளர் நாற்காலியிலேயே இருந்தார்.

இத்தோடு முடிந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். முடியவில்லை. அந்த வாரமே ஒரு மாலை, செய்தி முடிந்த கையோடு குமாரபாளையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. மேகலா என் பக்கத்திலேயே இருந்தார். கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"ஏனுங்க, நாளைக்கு எங்க பக்கம் தண்ணி வராதுன்னு சொல்றப்ப எதுக்குங்க அந்தப் புள்ள சிரிக்குது? அவுங்க வீதிக்கு மட்டும் வருதாட்டம் இருக்குது."

மேகலா தலையில் கை வைத்தார். பிறகு அவரே குனிந்து பதில் சொன்னார். "அக்கா, நான்தானுங்க வாசிச்சேன். தண்ணி வராததுக்குச் சிரிக்கலீங்க. அதுக்கு முன்னால முட்டை விலை ஏறினதச் சொன்னேன். அந்தச் சிரிப்பு."

"ஏறினதுக்கா?"

"ஆமாங்கக்கா."

"எங்கூட்ல கோழி இல்ல சாமி" என்றார் அந்தப் பெண். "நாங்க முட்டைய வாங்கித் திங்கறவங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டு கட்சிகளுக்கு நடுவில் இத்தனை நாள் தராசு பிடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மாலையும் விற்கிறவரின் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் சாய்வு என்றே நினைத்ததில்லை. எந்தக் கட்சியும் அதற்காக அலுவலகத்துக்கு வந்ததில்லை.

மேகலாவைப் பார்த்தேன்.

"எங்க ஊட்லயும் கோழி இல்லீங்க மேடம்" என்றார்.

"இத்தன நாள் ஏம்மா சொல்லல?"

"சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன்."

முதலாளியிடம் இதைச் சொன்னபோது, முதல் தடவையாக அவர் பண்ணைக்காரராக மட்டும் பேசினார். விலை ஏறுவது ஊருக்கே நல்லது, அதற்கு முகம் மலரக் கூடாதா என்றார். குமாரபாளையத்துப் பெண் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் திரும்பச் சொன்னேன். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "சரி, சும்மாப் படிக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மேகலா முட்டை விலையை மற்றச் செய்திகளைப் போலவே வாசித்தார். விலை கொஞ்சம் ஏறியிருந்தது. செய்தி முடிவதற்குள் என் கைபேசி அடித்தது. தங்கவேல்.

"ஏனுங்கம்மிணி, வெல ஏறியிருக்குது. அந்தப் புள்ள எதுக்கு மொகத்த உர்ருன்னு வச்சிருக்குது? இங்க பண்ணைக்காரங்க எல்லாம் கேக்கறாங்க. கோழிக்காரங்க மேல என்ன கோவமுங்க உங்களுக்கு?"

பதிவேடு மேசையில் என் முன்னால்தான் இருந்தது. அதை மூடி வைத்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வரேங்க" என்றேன். "அந்த நாற்காலிய எடுத்துப் போட்டு வையுங்க."